குழந்தைகள் அறிவியல் மாநாடும் சிவகாசி வட்டாரமும்

தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1980இல் சென்னை உயர்கல்வி நிறுவனங்களின் ஆய்வாளர்கள், மாணவர்கள் முயற்சியால் தோன்றியது. சிறுவர்களுக்கான அதன் ‘துளிர்’ இதழ் 1987இல் வெளிவந்தது. முந்தைய ஆண்டில்தான் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் 14 வயதுக்கு உட்பட்டோரை அமர்த்துவதை நடுவண் சட்டம் தடைசெய்திருந்தது. குடும்பத்தோடு செய்யும் வேலைக்கு விலக்கு. பெரிய ஓட்டை அது. சிவகாசி, சாத்தூர்ச் சிற்றூர்ப் பிள்ளைகள் விடியுமுன் ஆலைப் பேருந்தேறிக் கட்டை அடுக்கப் போயினர். வீட்டில் பெட்டி ஒட்டினர்.

1993இல் தொடங்கிய தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டைத் தமிழ்நாட்டில் இவ்வியக்கமே ஒருங்கிணைக்கிறது. 10 முதல் 17 வயதுடையோர் குழுவாகத் தம் ஊர்ச் சிக்கலொன்றை ஆராய்ந்து, தாய்மொழியிலேயே அறிக்கை எழுதலாம். பள்ளி செல்லாதவரும் சேரலாம். கட்டை அடுக்கிய பிள்ளைகள் பலரும் இதே வயதினர் என்பதால், இவ்வட்டாரத்துக்கு முதன்மையான விதி இதுவே.