பிழைத்த பிள்ளைகளும் மறந்த வாய்ப்பாடும்

ஒரு காலத்தில் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைக்குச் சில மாதங்கள்தான் ஆயுள். 1948ல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர் அமினோப்டெரின் என்ற மருந்தால் அதைக் கொஞ்சம் தள்ளிப் போட்டார். அதைத் தயாரித்த குழுவின் தலைவர் எல்லாப்ரகதா சுப்பாராவ், நம்ம மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தவர்! (கதர் அணிந்ததால் முழுப் பட்டம் கிடைக்காமல் போனவர். அது தனிக் கதை.) இன்றும் கொடுக்கப்படும் மெத்தோட்ரெக்சேட் அதன் தம்பிதான்.

ஆனாலும் நோய் திரும்ப வந்தது. ரத்தத்தில் கலக்கும் பல மருந்துகள் மூளைக்குள் போதுமான அளவு போவதில்லை. புற்றணுக்கள் மூளையின் உறைகளில் ஒளிந்துகொண்டன. 1967ல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் டொனால்ட் பின்கெல் துணிந்து இறங்கினார். நோய் மூளையில் தலைகாட்டும் முன்பே தலைக்கு 2400 ராட் கதிர்வீச்சு, கூடவே முதுகுத்தண்டில் மெத்தோட்ரெக்சேட் ஊசி. ஏறத்தாழ பாதிப் பேர் பிழைத்தார்கள்!

பிழைத்த பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. நேற்றுப் படித்தது நினைவில் இல்லை, கணக்கு வரவில்லை, எழுதும் வேகம் குறைவு. மிகச் சின்ன வயதில் கதிர்வீச்சு பெற்றவர்களுக்கும் பெண் குழந்தைகளுக்கும் பாதிப்பு அதிகம். அளவை 1800 ஆகக் குறைத்தார்கள்.

1984ல் எம்சிபி-841 என்ற சிகிச்சைமுறை இந்தியாவுக்கு வந்தது. மும்பை, டெல்லியோடு சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலும் கொடுத்தார்கள். (அங்கே 1960லேயே குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு இருந்தது.) அதிலும் தலைக்கு 1800 உண்டு. வேறு வழியும் இல்லை. உயிர் முக்கியம் அல்லவா?

ஆனால் பொம்மிடி போன்ற ஊரிலிருந்து ரயிலேறிச் சென்னை போய், குணமாகித் திரும்பும் பிள்ளையை யோசித்துப் பாருங்கள். முடி வளர்ந்துவிட்டது, ஆள் தேறிவிட்டான். வாய்ப்பாடு மட்டும் வரவில்லை. வாத்தியாருக்கு அவன் சோம்பேறி, வீட்டில் செல்லம் கொடுத்துக் கெட்டுப்போனவன். மூளையில் பட்ட கதிர் யார் கண்ணுக்குத் தெரியும்?

2009ல் மெம்ஃபிஸின் அதே மருத்துவமனை, தலைக் கதிர்வீச்சே இல்லாமல் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் பிழைக்க வைக்கலாம் என்று காட்டியது. மெத்தோட்ரெக்சேட் மட்டும் தொடர்கிறது. அதுவும் கவனத்தைக் கொஞ்சம் குறைக்கும், ஆனால் கதிர் அளவுக்கு இல்லை. எண்பதுகளில் அந்தக் கதிரை வாங்கிய பிள்ளைகளுக்கு இப்போது நாற்பது வயதுக்கு மேல். தங்களுக்கு ஏன் படிப்பு ஏறவில்லை என்று அவர்களில் பலருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.