இரசாயனத்தின் இரண்டாம் தவணை

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும் மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் அந்நாட்டு மக்கள் வழங்குவர். எழுவான்கரையிலே, கடலுக்கும் வாவிக்கும் இடையே நீண்டு கிடக்கும் ஒடுங்கிய நிலத்தில், மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே அமைந்துள்ள ஊர் களுவாஞ்சிக்குடி. அங்கிருந்து பட்டிருப்புப் பாலத்தைக் கடந்தால் படுவான்கரையின் வயல்வெளிகளை அடையலாம்.

இவ்வூரில் மூதாட்டி ஒருத்தி வெற்றிலையிற் சுண்ணாம்பு தடவுகிறாள். தாயொருத்தி மஞ்சள் நீரிற் சிறிது சுண்ணாம்பு கலந்து, அது குருதிச் சிவப்பாக மாறியதும், ஆலாத்தி எடுக்கிறாள். பாலத்திற்கு அப்பால் உழவன் ஒருவன் இளம் பயிருக்கு உரம் வீசுகிறான். மூவரும் இரசாயனத்தையே கையாளுகின்றனர். ஆயினும், தாங்கள் கையாளும் பொருளின் இயல்பை எடுத்து விளக்குதற்கு வேண்டிய சொற்கள் அவர்களுடைய மொழியை வந்தடைய நெடுங்காலம் சென்றது. அந்த வரலாற்றிலே பெரும்பங்கு கொண்ட ஒருவர், இதே கரையோரப் பாதையில், களுவாஞ்சிக்குடிக்குத் தெற்கேயுள்ள காரைதீவிற் பிறந்தவர் என்பது பலரும் அறியாத செய்தி. முத்தமிழ் முனிவர் எனப் போற்றப்படும் விபுலானந்த அடிகளே அவர். யாழ் நூலின் ஆசிரியராக அவரை அறிந்தவர் பலர். இரசாயன மாணவராகவும் இரசாயன ஆசிரியராகவும் அறிந்தவர் சிலரே.

இரசாயனத்தைத் தொடக்கநிலையிற் கற்போர் அதனை இரு பகுதிகளாகக் கற்பது பல நாடுகளில் வழக்கம். அமெரிக்க நாட்டில், தொழில் செய்துகொண்டே கற்க விரும்புவோருக்கும், பெரும் பல்கலைக்கழகங்களிற் சேர வசதியில்லாதோருக்கும் வாயில் திறந்து வைத்திருப்பவை சமுதாயக் கல்லூரிகள். அவற்றுள் முன்னோடியாகிய ஜோலியற் கல்லூரி இலினோய் மாநிலத்தில் 1901 ஆம் ஆண்டு தொடங்கிற்று. இக்கல்லூரிகளிற் பொது இரசாயனம் இரண்டு அரையாண்டுத் தவணைகளிற் கற்பிக்கப்படுகின்றது. முதல் தவணையில் மாணவன் அணுவையும் மூலகத்தையும் சேர்வையையும் அறிந்து, சமன்பாடு எழுதப் பழகுகிறான். 'இஃது யாது? எவ்வளவு?' என்பனவே அத்தவணையின் வினாக்கள். இரண்டாம் தவணையிலே தாக்கவீதம், சமநிலை, அமிலமும் காரமும், வெப்பத்தின் போக்கு, மின்னிரசாயனம் என்பன வருகின்றன. 'எவ்வளவு விரைவில் நிகழும்? எதுவரை செல்லும்? ஏன் அங்கே நிற்கும்?' என்று வினாக்கள் மாறுகின்றன. முதல் தவணையில் மனப்பாடத்தின் துணையாற் சமாளித்தவர் பலர் இங்கேதான் தடுமாறுவர்.

இந்த வேறுபாட்டைச் சுண்ணாம்புச் சூளை ஒன்றே விளக்கப் போதும். சிப்பியும் பவளக்கல்லும் பெரும்பாலும் கல்சியங் காபனேற்றினால் ஆனவை. அதனை ஏறக்குறைய 900 பாகை செல்சியசு வரை சூடாக்கினால் காபனீரொட்சைட்டு வாயு பிரிந்து போக, நீறாத சுண்ணாம்பு எஞ்சுகிறது. 100 கிராம் காபனேற்றிலிருந்து 56 கிராம் சுண்ணாம்பும் 44 கிராம் வாயுவும் கிடைக்கும் என்று முதல் தவணை மாணவன் கணக்கிட்டுச் சொல்வான். அதே கல்லை மூடிய கலத்திலிட்டுச் சூடாக்கினால் யாது நிகழும் என்பது இரண்டாம் தவணையின் வினா. வாயுவுக்கு வெளியேற வழியில்லை. ஆகவே, பிரிந்த வாயு மீண்டும் சுண்ணாம்புடன் சேரத் தலைப்படும். பிரிதலும் சேர்தலும் ஒரே வேகத்தில் நிகழும் நிலை வந்ததும் வெளிப்பார்வைக்கு யாவும் நின்றுவிட்டதுபோலத் தோன்றும். ஆயின், உள்ளே இரண்டும் இடையறாது நிகழ்ந்துகொண்டேயிருக்கும். அதுவே சமநிலை. சூளையின் வாய் திறந்திருப்பதனாலேயே வாயு அகன்று, தாக்கம் ஒரே திசையிற் சென்று முற்றுப்பெறுகிறது. அச்சுண்ணாம்பை நீரில் நீற்றிச் சுவரிற் பூசினாலோ, அது காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைச் சிறிது சிறிதாகப் பெற்று மீண்டும் கல்லாக இறுகுகிறது. சமநிலையிலுள்ள ஒன்றின்மீது மாற்றம் சுமத்தப்படின், அம்மாற்றத்தைத் தணிக்கும் திசையிலே அது நகரும் என்ற விதியை 1884 இல் வகுத்த பிரெஞ்சு அறிஞர் லெ சாற்றலியே, சுண்ணச் சாந்தையும் சீமெந்தையும் ஆராய்ந்தவர் என்பது ஈண்டு நினைவுகொள்ளத்தக்கது.

மாணவன் ஒருவன் இரசாயனத்தை இரு தவணைகளிற் கற்பதுபோலவே ஒரு மொழியும் அதனை இரு தவணைகளிற் கற்கின்றது. பொருள்களுக்குப் பெயரிடுதல் முதல் தவணை. அப்பொருள்களிடையே நிகழ்வனவற்றைக் காரணகாரியத்தோடு எண்ணவும் உரைக்கவும் வல்லதாதல் இரண்டாம் தவணை. ஈழத்தமிழின் வரலாறு இதனை நன்கு காட்டுகின்றது.

முதல் தவணையைத் தொடக்கி வைத்தவர்களுள் தலையாயவர் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அவர் 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவ நிலையம் அமைத்து, உள்ளூர் இளைஞர்களுக்கு மேனாட்டு மருத்துவம் கற்பித்தார். ஆங்கிலத்தில் கற்றவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடி வெளியூர் சென்றுவிட, கிராம மக்கள் மருத்துவரின்றி நின்றனர். இதனைக் கண்ட கிறீன், 1860களிலே பாடங்களைத் தமிழுக்கு மாற்றினார். அதற்கு நூல்கள் வேண்டியிருந்தன. உடலமைப்பு, மகப்பேறு, இரண சிகிச்சை முதலிய துறைகளில் நூல்கள் தமிழாயின. இரசாயனத்துக்கு எழுந்தது 'கெமிஸ்தம்' என்னும் நூல். அது 1875 இல் அச்சேறியது. தக்க தமிழ்ச் சொல் உண்டா என முதலிற் பார்ப்பதும், இல்லையெனில் வடசொல்லை நாடுவதும், அதுவும் பொருந்தாவிடத்து ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு இசைய எழுதுவதும் கிறீன் கைக்கொண்ட முறை. அந்நூலின் பெயரே மூன்றாம் வழிக்கு ஒரு சான்று. அவர் 1873 இல் தாயகம் திரும்பினார். அதன் பின்னர் யாழ்ப்பாணத்தில் தமிழில் மருத்துவம் பயிற்றும் முயற்சி நிலைக்கவில்லை. பெயர்கள் பிறந்தன, அவற்றை வழங்கும் வகுப்பறை மறைந்தது. முதல் தவணையோடு படிப்பு இடைநின்ற மாணவனின் நிலைக்கு இது ஒப்பாகும்.

விபுலானந்த அடிகளின் இளமைக்காலம் அதன் பின்னர் வருகிறது. 1892 இற் பிறந்த மயில்வாகனனார் கல்முனையிலும் மட்டக்களப்பிலும் பயின்று, கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்று, கீழ்மாகாணத்துப் பாடசாலைகளிற் சில ஆண்டுகள் கற்பித்தார். கையில் நிலையான தொழில் இருந்தும், 1915 இல் மீண்டும் மாணவராகிக் கொழும்பு தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானம் பயிலச் சென்றார். அக்காலத்தில் மட்டக்களப்பிற்குப் புகைவண்டி இல்லை. அது 1928 இலேதான் வந்தது. கொழும்பிற் பல்கலைக்கழகக் கல்லூரியும் 1921 வரை திறக்கப்படவில்லை. ஆகவே, விஞ்ஞானம் நாடிய இலங்கை இளைஞர்களுக்குத் தொழில்நுட்பக் கல்லூரியே புகலிடமாயிற்று. இன்று அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளில், வேலைக்கும் வகுப்பிற்கும் இடையே அல்லாடி இரசாயனம் கற்போரின் முன்னோடிகளாக அவரையும் அவர்போன்றாரையும் கருதலாம்.

இரசாயன உலகிலே அக்காலம் வியத்தகு காலமாகும். அமிலத்தன்மையை ஓர் எண்ணால் அளக்கும் முறையை டென்மார்க் அறிஞர் சோரென்சன் 1909 இலேதான் வகுத்திருந்தார். களுவாஞ்சிக்குடித் தாயின் ஆலாத்தி நீர் சிவப்பதும், அதில் எலுமிச்சைச் சாறு விட்டால் மீண்டும் மஞ்சளாவதும் எதனால் என்பதை அவ்வெண் தெளிவாக்கிற்று. காற்றிலுள்ள நைதரசனையும் ஐதரசனையும் உயர் அமுக்கத்தில், ஊக்கியின் துணையோடு, அமோனியாவாக இணைக்கும் தொழிற்சாலை செருமனியில் 1913 இல் இயங்கத் தொடங்கிற்று. சமநிலை விதியின் நேரடிப் பயன் அது. படுவான்கரை உழவன் வீசும் யூரியா அம்முறையின் வழிவந்ததே. அதே 1913 இல், மூலகங்களின் வரிசை எண்ணுக்கு உறுதியான பொருள் கண்டார் ஆங்கில இளைஞர் மோஸ்லி. அவர் 1915 ஆகஸ்ற் மாதம், தமது 27 ஆம் வயதில், கலிப்போலிப் போர்க்களத்தில் மாண்டார்.

கொழும்பு மாணவர் 1916 இல் விஞ்ஞான டிப்புளோமாப் பட்டயம் பெற்றார். அவ்வாண்டிலேயே மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்விலும் வெற்றி கண்டார். ஒருவருடைய மேசையில் சோதனைக்குழாய் நூலும் சிலப்பதிகாரமும் அருகருகே இருந்தன என்று சொன்னால் அது மிகையாகாது. அவ்விரு கல்வியும் அவரிடத்தே ஒன்றையொன்று தள்ளவில்லை. 1917 இல் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியரானார். 1920 இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம் பெற்று, மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபர் பொறுப்பையும் ஏற்றார். கிறீன் தமிழில் இரசாயனம் படைக்க முனைந்த அதே மானிப்பாய்க்கு, அப்பணியைத் தொடர வல்ல ஒருவர் அரை நூற்றாண்டு கழித்து வந்து சேர்ந்தார்.

ஆயினும், வேண்டிய சொல்லை ஒருவர் தனித்திருந்து ஆக்கிவிட முடியாது. தமிழகத்திலும் இத்தேவை உணரப்பட்டது. 1916 இலேயே சேலத்தில் இராசாசியும் வெங்கடசுப்பையரும் அறிவியற் சொற்களுக்கென ஒரு சங்கம் நிறுவினர். பொதுமக்களுக்கு இரசாயனத்தை எளிமையாகச் சொல்லும் 'திண்ணை ரசாயனம்' என்னும் நூலையும் இராசாசி பின்னர் எழுதினார். 1936 இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தின் சார்பில் சொல்லாக்க மாநாடு கூடியபோது, அதற்குத் தலைமை தாங்க அழைக்கப்பட்டவர் விபுலானந்த அடிகள். துறவு பூண்டு, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே தமிழ்ப் பேராசிரியராகவும் இருந்து விலகிய அடிகளாரிடம், புலவர்களையும் விஞ்ஞானிகளையும் ஒருங்கே அமர்த்தும் தகுதி இருந்தது. ஏனெனில், அவர் இரு சாராரின் வகுப்பிலும் அமர்ந்து கற்றவர். அம்முயற்சியின் பயனாகக் 'கலைச்சொற்கள்' தொகுதி 1938 இல் வெளிவந்தது.

கருத்து வேற்றுமைகள் எழாமலில்லை. சொற்கள் தனித்தமிழாக இருத்தல் வேண்டும் என்றனர் ஒரு சாரார். இந்தியா முழுவதற்கும் பொதுவாக வடசொற்களையே கொள்ளுதல் நலம் என்றனர் மற்றொரு சாரார். சென்னை அரசு 1940 இல் சீனிவாச சாஸ்திரியார் தலைமையில் அமைத்த குழுவைச் சூழ்ந்தும் இப்பூசல் வளர்ந்தது. ஆனால், சூளையின் எடுத்துக்காட்டை நினைவிற் கொண்டால் ஒன்று விளங்கும். காபன் என்பதைக் கரி என்றாலும் காபன் என்றாலும் மாணவனுக்குப் பெரிய இடர்ப்பாடு இல்லை. அது பெயர், கேட்டுப் பழகிவிடும். சமநிலை, தாக்கம், ஊக்கி, மீளுதல் என்னும் சொற்களோ அவ்வாறல்ல. அவை பெயர்களாக மட்டும் நில்லாது எண்ணத்தின் கருவிகளாகின்றன. 'சமன்' என்றும் 'நிலை' என்றும் பிரித்துணரக்கூடிய சொல், அக்கருத்தின் பாதியைத் தானே கற்பித்துவிடுகிறது.

இலங்கையில் இச்சொற்களுக்கு வகுப்பறை மீண்டும் கிடைத்தது. 1945 இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1950களிலே அரசாங்கம் துறைதோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டது. அவற்றுள் இரசாயனத்துக்கும் இடமிருந்தது. 1950களிலும் 1960களிலும் இடைநிலைப் பாடசாலைகளில் விஞ்ஞானம் படிப்படியாகத் தாய்மொழிக்கு மாறிற்று. ஆங்கிலம் அறியாத வீட்டிலிருந்து வந்த வாவிக்கரை மாணவன் ஒட்சிசன், ஐதரசன், தாக்கவீதம், சமநிலை என்று தமிழிலேயே எழுதிப் பரீட்சையிற் சித்தியெய்தும் காலம் வந்தது. கிறீனின் காலத்தில் இடைநின்ற படிப்பு இவ்வாறு தொடர்ந்தது. தமிழகம் வேதியியல், வேதிவினை எனவும், ஈழம் இரசாயனவியல், இரசாயனத் தாக்கம் எனவும் வழங்கினும், இரு நாட்டு மாணவரும் ஒரே பொருளைத் தமிழில் எண்ணப் பழகினர்.

அடிகளார் இம்மாற்றத்தைக் காண இருக்கவில்லை. யாழ் நூல் அரங்கேறிய 1947 ஆம் ஆண்டிலேயே அவர் மறைந்தார். நரம்பின் நீளத்தையும் சுரத்தின் விகிதத்தையும் எண்களாற் கணித்து, மறைந்துபோன இசைக்கருவியை மீட்ட அந்நூலிலே, தொழில்நுட்பக் கல்லூரி மாணவரின் கை தெரிகின்றது.

இன்றும் ஓர் இடர் எஞ்சி நிற்கிறது. களுவாஞ்சிக்குடி மாணவி ஒருத்தி க. பொ. த. உயர்தரம் வரை இரசாயனத்தைத் தமிழிற் கற்கலாம். 1981 இற் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி 1986 இற் பல்கலைக்கழகமாக உயர்ந்த வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் அவள் விஞ்ஞானம் பயிலச் சென்றால், விரிவுரை ஆங்கிலத்தில் நிகழும். திறமை இருந்தும், மொழி கண்டு அஞ்சித் தளர்வோர் உளர். பாடசாலையிற் கற்ற தமிழ் வீணாயிற்று என்று பெற்றோர் சிலர் எண்ணுவதும் உண்டு. அவ்வெண்ணம் பிழையாகும். சமநிலை என்பதன் பொருளைத் தமிழிலே தெளிந்தவள், ஆங்கில வகுப்பிற் கற்கவேண்டியது ஒரு புதிய பெயரை மட்டுமே. பொருளைத் தெளியாது பெயரை மட்டும் ஆங்கிலத்தில் மனப்பாடஞ் செய்தவளுக்கோ இரண்டும் இனித்தான் தொடங்க வேண்டும். அதே வேளை, ஆங்கிலத்தை வேண்டாவென ஒதுக்குவதும் பொருந்தாது. ஒரே ஆண்டில் விஞ்ஞானப் பட்டயமும் பண்டிதப் பட்டமும் பெற்ற காரைதீவு ஆசிரியர் அவ்விரண்டில் ஒன்றையும் ஒதுக்கவில்லை.

பட்டிருப்புப் பாலத்தில் எழுவான்கரையார் படுவான்கரைக்கும், படுவான்கரையார் எழுவான்கரைக்கும் நாள்தோறும் போய் வருகின்றனர். தமிழிற் கற்ற இரசாயனமும் ஆங்கிலத்திற் கற்ற இரசாயனமும் அவ்வாறு போக்குவரத்துடையனவாதல் வேண்டும். பல்கலைக்கழகத்திற் கற்றுத் தேறிய அம்மாணவி ஊர் திரும்பி, மூதாட்டியின் சுண்ணாம்புச் சிமிழைத் திறந்து, அது நாளடைவில் ஏன் இறுகிப்போகிறது என்று தமிழிலே விளக்கும் நாளில், இரசாயனத்தின் இரண்டாம் தவணை அவ்வூரிலும் நிறைவெய்தியது எனக் கொள்ளலாம்.