வாடகைக் கணினியும் சொந்தக் கணினியும்: 1978 விட்டுச்சென்ற கணக்கு

மேகக் கணிமையை வாடகைக்கு எடுப்பதா, சொந்தமாக சர்வர்களை நிறுவுவதா என்பது இன்று பல்கலைக்கழகக் குழுக்களில் புதிய கேள்வியாக எழுப்பப்படுகிறது. இந்தியாவில் இக்கேள்விக்கு அறுபது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு.

1950களிலும் 60களிலும் இந்திய அலுவலகங்களில் இயங்கிய ஐபிஎம் இயந்திரங்களில் பெரும்பாலானவை அந்நிறுவனத்துக்கே உரியவை. பயன்படுத்தியோர் மாத வாடகை செலுத்தினர். பெருமுதல் தேவையில்லை. பழுது நீக்கும் பொறியாளரும் வாடகையோடு வந்தார். அந்நியச் செலாவணி அரிதாயிருந்த நாட்டில் இவை வலுவான காரணங்கள். ஆனால் வெளிநாடுகளில் பயன்படுத்தப்பட்ட 1401 வகைக் கணினிகளே இங்குப் புதுப்பிக்கப்பட்டு வாடகைக்கு விடப்பட்டன. காலங்கடந்த இயந்திரத்துக்கு உயர்ந்த வாடகையா என்ற விமர்சனம் வளர்ந்தது.

சொந்தமாக்கிக்கொள்ளும் வழியும் மலிவானதன்று. பம்பாயின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் டிஃப்ராக் கணினியைத் தானே வடிவமைத்தது. 1960இல் அது முழுமையாக இயங்கத் தொடங்கியபோது, அதன் வெற்றிடக் குழாய்கள் உலக அளவில் டிரான்சிஸ்டருக்கு இடம்விட்டுக்கொண்டிருந்தன. நான்கே ஆண்டுகளில் அந்நிறுவனம் சிடிசி 3600 என்ற அமெரிக்கக் கணினியை நிறுவியது. பணக்கணக்கில் டிஃப்ராக்கை நட்டம் எனலாம். கணினியைக் கட்டவும் திறந்து பழுது பார்க்கவும் தெரிந்த ஒரு தலைமுறையை அது உருவாக்கியது என்பது வேறு கணக்கு.

அந்த வேறு கணக்கின் மதிப்பு பின்னர் விளங்கியது. 1973ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி அயல்நாட்டுப் பங்குரிமையை 40 விழுக்காடாகக் குறைக்க ஐபிஎம் இசையவில்லை, 1978இல் வெளியேறியது. அதன் கணினிகளைப் பராமரிக்கும் பொறுப்பு அரசின் சிஎம்சி நிறுவனத்திடம் வந்தது. இயந்திரத்தை அறிந்த பொறியாளர்கள் நாட்டிலேயே இருந்தமையால் பணிகள் தொடர்ந்தன. வாடகைச் சீட்டில் ஒருபோதும் இடம்பெறாத ஒரு செலவு அப்போது வெளிப்பட்டது: வழங்குபவர் விலகும்போது, அல்லது நாம் விலக விரும்பும்போது, ஏற்படும் செலவு.

2006இல் அமேசான் சேமிப்பையும் கணிப்புத் திறனையும் வாடகைக்குத் தரத் தொடங்கியபின் அதே கணக்கு திரும்பியது. 2008இல் தரவுத்தளப் பழுதால் முடங்கிய நெட்ஃபிளிக்ஸ், 2016இல் தன் சேவையை முழுவதும் மேகத்துக்கு மாற்றி முடித்தது. டிராப்பாக்ஸ் எதிர்த்திசையில் சென்றது. பயனர் கோப்புகளைச் சொந்தக் கட்டமைப்புக்கு மாற்றியதால் இரண்டு ஆண்டுகளில் சுமார் 7.5 கோடி டாலர் மிச்சமானதாகப் பங்கு வெளியீட்டு ஆவணத்தில் தெரிவித்தது. இரண்டும் முரண்பாடல்ல. ஏறி இறங்கும் தேவைக்கு வாடகை பொருந்தும். குறையாமல் பெருகும் சேமிப்புக்குச் சொந்தம் பொருந்தும். எனினும் மின்சாரம், குளிரூட்டல், ஐந்தாறு ஆண்டுகளில் இயந்திர மாற்றம், எல்லாவற்றுக்கும் மேலாகப் பணியாளர் ஊதியம் ஆகியவற்றைச் சேர்க்காமல் 'சொந்தம் மலிவு' என்பது அரைக்கணக்கு.

பல்கலைக்கழகங்கள் பாடம் பெற்ற ஆண்டு 2021. கல்வி நிறுவனங்களுக்குத் தந்துவந்த வரம்பற்ற இலவசச் சேமிப்பை நிறுத்தி, நிறுவனத்துக்கு 100 டெராபைட் என்ற அடிப்படை வரம்பைக் கொணர்வதாக கூகுள் அவ்வாண்டு அறிவித்தது. இலவசத்தை நம்பி உள்ளூர் சர்வர்களைக் கைவிட்ட இடங்களில் தரவோடு கூடவே அதைப் பேணும் கைகளும் போயிருந்தன. மேகத்துக்குள் தரவை ஏற்றுவது பெரும்பாலும் இலவசம். வெளியே எடுக்கத்தான் கட்டணம்.

இந்தியச் சூழலில் இது வெறும் கணக்குப் பிரிவின் சிக்கலன்று. பேசுவோர் அருகிவரும் மொழிகளின் ஒலிப்பதிவுகள் ஆய்வுத் திட்ட நிதியில் சேகரிக்கப்படுகின்றன. திட்டம் மூன்றாண்டில் முடியும். மாத வாடகை முடியாது. கட்டணம் நின்றால் பதிவுகளும் அழியும். அவற்றை மீண்டும் பேசிப் பதிவுசெய்ய முதியவர்கள் இருக்கமாட்டார்கள். சில நாள் மட்டும் தேவைப்படும் பெருங்கணிப்பை வாடகைக்கு எடுக்கலாம். தலைமுறை கடந்து நிற்கவேண்டிய மூலப் பதிவின் ஒரு படியேனும் நிறுவனத்தின் சொந்தப் பொறுப்பில், அதை அறிந்த ஒரு நிரந்தரப் பணியாளரின் கையில் இருக்கவேண்டும். கருவி வாங்க நிதி ஒதுக்கும் நல்கைக் குழுக்கள் அந்தப் பணியிடத்துக்கு ஒதுக்குவதில்லை என்றால், 1978இன் கணக்கு இன்னும் படிக்கப்படவில்லை என்றே பொருள்.