சீட்டுக்கட்டும் ஒரு மெமோவும்

2001இல் அப்பாவுக்கு ஒரு மெமோ வந்தது. அலுவலக நேரத்தில் கம்ப்யூட்டரில் சீட்டு விளையாடியதற்கு மூன்று நாளில் எழுத்துப்பூர்வமாக விளக்கம் தர வேண்டும். 17(ஏ) வரைக்கும் போகவில்லை. ஆனாலும் அவர் சர்வீஸில் வாங்கிய ஒரே மெமோ அதுதான்.

அப்பா டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவர், தமிழிலும் இங்கிலீஷிலும். கீபோர்டு அவருக்குப் பிரச்சினையே இல்லை, மவுஸ்தான் கைக்கு அடங்கவில்லை. சொல்லிக்கொடுக்க வந்த பையன், "சார், ரெண்டு நாள் சாலிடேர் ஆடுங்க, கை தானா பழகிடும்" என்றிருக்கிறான். அப்பா சொன்னபடி ஆடினார். மூன்றாவது நாள் அதிகாரி பின்னால் வந்து நின்றார்.

அந்தப் பையன் தப்பாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. 1990 மே மாதம் விண்டோஸ் 3.0 வந்தபோது அதோடு சாலிடேரும் வந்தது. கட்டளைகளைத் தட்டித் தட்டியே பழகியவர்களுக்கு, ஒன்றைப் பிடித்து இழுத்து வேறிடத்தில் விடுவது புது வித்தை. அதைச் சீட்டு சொல்லிக்கொடுத்தது. எழுதியவர் வெஸ் செர்ரி, 1988இல் மைக்ரோசாஃப்டில் இன்டர்னாக இருந்தவர். சீட்டுகளை வரைந்தவர் சூசன் கேர், முதல் மேக்கின்டோஷின் ஐகான்களை வரைந்த அதே கை. செர்ரிக்கு ராயல்டி என்று ஒரு பைசா வரவில்லை.

எனக்குப் பிடித்தது, அந்த விளையாட்டிலிருந்து நீக்கப்பட்ட ஒரு விஷயம். செர்ரி அதில் ஒரு 'பாஸ் கீ' வைத்திருந்தார். முதலாளி வந்தால் அந்த விசையைத் தட்டலாம், சீட்டு மறைந்து வேலை நடப்பது மாதிரி ஒரு போலித் திரை வந்துவிடும். கம்பெனி அதை எடுக்கச் சொல்லிவிட்டது. அது மட்டும் இருந்திருந்தால் அப்பாவுக்கு மெமோவே வந்திருக்காது என்று இன்றைக்கும் வீட்டில் சொல்லிச் சிரிப்போம். அப்பா சிரிக்க மாட்டார்.

கம்ப்யூட்டர் வேலைக்கானது, விளையாட்டு பின்னால் வந்து தொற்றிக்கொண்டது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. 1962இல் எம்.ஐ.டி. மாணவர்கள், லட்சம் டாலருக்கு மேல் விலைபோன பிடிபி-1 இயந்திரத்தில் 'ஸ்பேஸ்வார்' ஆடிக்கொண்டிருந்தார்கள். 1984இல் அலெக்ஸி பஜித்னோவ் டெட்ரிஸை எழுதியதும் மாஸ்கோவில் சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில், அரசாங்கக் கம்ப்யூட்டரில்தான். டைப்ரைட்டருக்கு டைப் அடிக்க மட்டுமே தெரியும். எந்த வேலையையும் செய்யக்கூடிய ஒரே இயந்திரம் என்று 1936இல் ட்யூரிங் காகிதத்தில் போட்ட கணக்குக்கு, எது வேலை எது விளையாட்டு என்று தெரியாது. நம்மை வேலை செய்ய வைப்பதும் கெடுப்பதும் அதன் ஒரே குணம்தான்.

2006இல் நியூயார்க் மேயர் ப்ளூம்பெர்க், ஆல்பனியில் இருந்த நகர அலுவலகத்துக்குப் போனபோது ஓர் ஊழியரின் திரையில் சாலிடேரைப் பார்த்தார். அந்த ஊழியருக்கு வேலை போனது. செய்தியைப் படித்ததும் அப்பாவிடம் சொன்னேன். "அவனுக்கும் யாராவது பையன் சொல்லியிருப்பான்" என்றார்.

மெமோவுக்குப் பிறகு அவர் மவுஸைத் தொடவில்லை. ரிட்டயர் ஆகும்வரை பழைய ரெமிங்டனிலேயே அடித்தார். கம்ப்யூட்டர் பிரிவுக்கு ஆள் எடுத்தபோது ஜூனியர்கள் போனார்கள். இதை அவர் குறையாகச் சொன்னதில்லை, அம்மாதான் சொல்வாள்.

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்து நான்கு நாளாகிறது. இன்டர்நெட்டை அணைத்துப் பார்த்தேன், போனை அடுத்த அறையில் வைத்துப் பார்த்தேன், எழுதுகிற ஜன்னலை மட்டும் திரை முழுக்க விரித்து வைத்தேன். மூன்றில் போனை வைத்ததுதான் கொஞ்சம் வேலை செய்தது. சாலிடேர் பாவம், மெனுவுக்குள் சும்மா கிடக்கும். நாமாகத் தேடிப் போனால்தான் உண்டு. இப்போதிருப்பவை அப்படியா, பேர் சொல்லிக் கூப்பிடுகின்றன.

போன வாரம் அப்பாவே கேட்டார், "அந்தச் சீட்டு இதுல இருக்காடா?" இருந்தது. விண்டோஸ் 8இலிருந்து அது தனி ஆப். விளம்பரம் வேண்டாமென்றால் காசு கட்ட வேண்டும். இரண்டு ஆட்டம் நன்றாக ஆடினார். மவுஸ் மறக்கவில்லை. மூன்றாவதுக்கு முன்னால் திரை முழுக்க ஏதோ விளம்பரம் ஓடியது. சட்டென்று மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"யாருடா இது, நடுவுல?"