வைரஸும் புற்றுநோயும்: ஒரு கருத்தின் நூற்றாண்டு

அரசலாற்றங்கரையிலுள்ள காரைக்கால் பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்டிருந்த 1903 ஆம் ஆண்டில், பாரிஸ் பாஸ்டர் நிலையத்து விஞ்ஞானி அமதே பொரெல், அம்மைக் கொப்புளங்களில் தோலின் உயிரணுக்கள் கட்டுமீறிப் பெருகுவதைக் கவனித்து, புற்றுநோய்க்கும் அம்மைக் கிருமி போன்றதொரு கிருமியே காரணமாகலாம் என்ற கருத்தை வெளியிட்டார். அதற்குப் பிரத்தியட்சமான சான்று எதுவும் அன்று இல்லை. 1911 இல் அமெரிக்காவின் பெய்டன் ரௌஸ், கோழியின் கட்டியை அரைத்து, உயிரணு ஏதும் ஊடுருவ முடியாத வடிகட்டியில் வடித்தெடுத்த திரவத்தைக் கொண்டே மற்றொரு கோழிக்குக் கட்டி உண்டாக்கிக் காட்டியபோதும், அது பறவைகளுக்கே உரிய விசேஷம் என்று பண்டிதர்கள் அதனை ஒதுக்கினர். அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1966 இல்தான்.

ரௌஸின் திரவத்திலிருந்த வைரஸ், புற்றை உண்டாக்கும் ஜீன் ஒன்றைத் தானே சுமந்து வருவது என்பது பிற்பாடு தெளிவாயிற்று. மனித சரீரத்திலோ விஷயம் அவ்வளவு எளிதாக இல்லை. கருப்பை வாயைப் பற்றும் பாப்பிலோமா வைரஸ் பெரும்பாலான பெண்களிடமிருந்து ஓரிரு ஆண்டுகளில் தானே நீங்கிவிடுகிறது. நீங்காது தங்கிய சிலருக்கு மட்டும், அதுவும் பொதுவாகப் பதினைந்து இருபது ஆண்டுகள் கழிந்த பின்னரே, புற்றுநோய் தோன்றுகிறது. இத்தனை நீண்ட இடைவெளியில் வைரஸ் என்னதான் செய்கிறது என்ற கேள்வியே இத்துறையின் பிற்கால வரலாற்றை நடத்திச் சென்றது.

1983 இல் ஜெர்மனியில் ஹரால்ட் சூர் ஹௌசன் குழுவினர் கருப்பை வாய்ப் புற்றில் பாப்பிலோமா வைரஸின் 16 ஆம் வகையைக் கண்டறிந்தனர். அதே ஆண்டில் அமெரிக்காவில் ஃபைன்பெர்க், வோகல்ஸ்டைன் என்ற இருவர், புற்றுநோய் உயிரணுக்களின் டி.என்.ஏ.வில் ஒட்டியிருக்கும் மெத்தில் என்னும் சிறு வேதித் தொகுதிகள் பல ஜீன்களில் இயல்பைவிடக் குறைந்திருப்பதைக் கண்டனர். டி.என்.ஏ.வின் எழுத்துகள் மாறாதிருக்கையிலேயே, அவற்றின் மேல் இத்தொகுதிகள் ஏறுவதாலும் இறங்குவதாலும் ஜீன்கள் உறங்கவும் விழிக்கவும் கூடும். ஏட்டை ஓர் எழுத்தும் சிதைக்காமல் கட்டிப் பரணில் போட்டுவிட்டால், அதில் எழுதியது யாருக்கும் பயன்படாமற் போவதைப் போன்றது இது. வெவ்வேறு வழிகளில் சென்ற இவ்விரண்டு ஆராய்ச்சிகளும் காலக்கிரமத்தில் ஒன்றுகூடின. பாப்பிலோமாவின் ஈ7 என்னும் புரதம், மெத்தில் தொகுதிகளை ஏற்றும் நொதியையே பற்றி, அதன் வேகத்தைக் கூட்டுகிறது என்று 2007 இல் நிரூபிக்கப்பட்டது. எப்ஸ்டைன்–பார் என்னும் வேறொரு வைரஸ் குடிகொண்ட இரைப்பைப் புற்றுகளில் இந்த மெத்தில் ஏற்றம் மிக அதீதமாக இருப்பதை 2014 இல் வெளிவந்த ஒரு பேராய்வு காட்டிற்று. உயிரணுவின் பெருக்கத்தைத் தடுத்து நிறுத்தும் காவல் ஜீன்கள் இவ்வாறு வாயடைக்கப்படுவது, புற்றுக்கு வழி திறந்துவிடுகிறது.

கல்லீரலைப் பற்றும் ஹெபடைடிஸ் பி வைரஸின் எக்ஸ் புரதமும் மெத்தில் ஏற்றும் நொதிகளை மிகுவிக்கிறது. அவ்வைரஸின் அடையாளத்தை 1965 இல் வெளியிட்ட பாரூக் புளும்பெர்க், பிற்பாடு நம் வரப்போரத்துக் கீழாநெல்லியின் ஆராய்ச்சியிலும் ஈடுபட்டார். இலைக்காம்பின் அடியில் கடுகளவு காய்களை வரிசையாகத் தாங்கி நிற்கும் அச்செடியை மஞ்சள் காமாலைக்கு அரைத்துக் கொடுக்கும் வழக்கம் காவிரி டெல்டாவின் பாட்டிமார் அனைவரும் அறிந்தது. சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் புளும்பெர்க்குடன் சேர்ந்து 1988 இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வில், கீழாநெல்லி உட்கொண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்திலிருந்து வைரஸின் அடையாளம் மறைந்தது. போலி மருந்து உட்கொண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. தாய்லாந்து முதலிய தேசங்களில் நிகழ்ந்த பின்னைய சோதனைகள் இப்பலனை உறுதிப்படுத்தவில்லை. பாட்டி வைத்தியத்தைப் பழித்தும் போற்றியும் பேசுவோர் மிகுந்த நாட்டில், அதனைத் தராசில் நிறுத்தி எடைபோட்டது தியாகராஜன் குழுவினர் செய்த பெருஞ்சேவை என்றே நான் கருதுகிறேன். எனினும் கீழாநெல்லி மட்டுமே போதும் என்று கல்லீரல் நோயாளி இருந்துவிடுவது தகாது.

பாப்பிலோமா வைரஸ் பற்றுவதற்கும் கருப்பை வாய்ப் புற்று தோன்றுவதற்கும் இடைப்பட்ட அந்த நீண்ட இடைவெளியை மனிதர் பயன்படுத்திக்கொள்ளக்கூடும் என்பதைத் திண்டுக்கல் மாவட்டம் காட்டிற்று. அங்கே 2000 ஆம் ஆண்டில் தொடங்கிய ஓர் ஆய்வில், 30 முதல் 59 வயதுக்குட்பட்ட பெண்களுக்குப் பயிற்சி பெற்ற செவிலியர், நீர்த்த அசெட்டிக் அமிலத்தைப் பஞ்சில் தோய்த்துக் கருப்பை வாயில் தடவி, ஒரு நிமிஷம் காத்திருந்து, கெடத் தொடங்கிய இடம் வெளுத்துத் தெரிகிறதா என்று வெறுங்கண்ணால் பார்த்தனர். வெளுத்த இடத்தைப் பலருக்கு உறைகுளிரால் அங்கேயே அழித்தனர். ஒரே ஒரு முறை செய்த இச்சோதனையால், சோதனைக்கு அழைக்கப்படாத ஊர்களைக் காட்டிலும் கருப்பை வாய்ப் புற்றின் மரணம் 35 சதவீதம் குறைந்ததென 2007 இல் லான்செட் வெளியிட்டது.

நோய் வருமுன் காப்பதில் தைவான் முந்திக்கொண்டது. 1984 இல் அங்கே பிறந்த குழந்தைகளுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடத் தொடங்கியதன் பயனாக, பத்தாண்டுகளில் சிறுவர்களின் கல்லீரல் புற்று ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. இந்தியாவில் அத்தடுப்பூசி 2011 இல் நாடு முழுவதும் விரிந்தது. பாப்பிலோமாவுக்கு நம் நாட்டிலேயே தயாரித்த தடுப்பூசி 2022 இல் அனுமதி பெற்றது. காரைக்காலிலும் சுற்றியுள்ள நாகை, மயிலாடுதுறைக் கிராமங்களிலும் குழந்தை பிறக்கும் வீட்டார், பிறந்த இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி ஊசி போடப்பட்டதா என்று மருத்துவமனையில் கேட்டறிய வேண்டும். முப்பது வயது கடந்த நம் சகோதரிகள், வலியோ இரத்தப்போக்கோ தோன்றும் வரை பொறுத்திராமல், கருப்பை வாய்ச் சோதனைக்குச் செல்ல வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.