கன்ஃபார்ம்லா: பினாங்கின் உறுதிச் சொற்கள்

கெடா சுல்தான் அப்துல்லா முக்கர்ரம் ஷா எதிர்பார்த்தது முக்கியமாக ஒரே ஓர் உறுதியைத்தான். ஒருபுறம் சயாம், மறுபுறம் பர்மா என்று இரண்டு பெரிய அரசுகளுக்கு நடுவே அவர் நாடு நெருக்குண்டு கிடந்தது. எதிரி தரைவழியாக வந்தால் கிழக்கிந்தியக் கம்பெனி ஆளும் ஆயுதமும் தர வேண்டும், செலவைத் தாமே ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார். பினாங்குத் தீவைக் கொடுப்பதற்கு 1785இல் அவர் விதித்த நிபந்தனைகளில் உயிர்நாடி இதுதான்.

ஆங்கில வணிகர் பிரான்சிஸ் லைட் அந்த நிபந்தனைகளைக் கல்கத்தாவிலிருந்த கம்பெனி அரசுக்குக் கொண்டுபோனார். ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் பதில் எழுதப்பட்டது. தீவையும் கெடா கடற்கரையையும் காக்க ஆயுதக் கப்பல் நிறுத்துவதைப் பற்றிய பதிலில் 'எப்போதும்' என்ற சொல் தாராளமாக வந்து விழுந்தது. கடற்பகுதி கம்பெனிக்கும் தேவைதானே. படை உதவி கேட்ட நிபந்தனைக்கு வந்ததும் நடை மாறியது. அதற்கு 'நிச்சயம்' என்றும் எழுதவில்லை, 'முடியாது' என்றும் எழுதவில்லை. மேலிடத்தின் உத்தரவுக்கு அனுப்பப்படும் என்று மட்டும் எழுதினார்கள். 1786 ஜூலை 17 அன்று லைட் தீவில் இறங்கினார். ஆகஸ்ட் 11 அன்று கொடி ஏற்றினார். கேட்ட உறுதி சுல்தானுக்குக் கடைசிவரை வரவில்லை. பொறுத்துப் பார்த்த அவர் தீவை மீட்கப் படை திரட்டினார். 1791இல் பிறை என்னுமிடத்தில் லைட் அந்தப் படையை முறியடித்தார். ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய டாலர் என்ற ஒப்பந்தத்தோடு விவகாரம் முடிக்கப்பட்டது. 1821இல் சயாம் படை கெடாவுக்குள் புகுந்தபோது கம்பெனி உதவிக்குப் போகவில்லை. அப்போதைய சுல்தான் அகமது தாஜுதீன் தப்பி வந்து தஞ்சம் புகுந்தது இதே பினாங்கில்தான். பினாங்கின் தலைநகர் ஜார்ஜ் டவுனின் வரலாற்றை இந்த இடத்திலிருந்து படிக்கத் தொடங்குவதுதான் நியாயம். எழுதிய சொல்லைவிட எழுதாமல் விட்ட சொல்லுக்கு இந்த ஊரில் அதிக விலை கொடுக்கப்பட்டிருக்கிறது.

நகரம் உருவாகி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அங்கே முறையான சட்டம் கிடையாது. 1807இல் வந்த நீதிச் சாசனம்தான் ஆங்கிலச் சட்டத்தையும் நீதிமன்றத்தையும் கொண்டுவந்தது. நீதிமன்றம் என்றால் சாட்சி, சாட்சி என்றால் சத்தியம். கிறித்தவர் அல்லாதவரின் சத்தியம் செல்லுமா என்ற கேள்வி அதற்கு முன்பே இங்கிலாந்தில் எழுந்து தீர்ந்திருந்தது. 1740களில் நடந்த ஓமிசந்த் வழக்கில், ஓர் இந்து தன் சமயமுறைப்படி செய்யும் சத்தியமும் செல்லும் என்று லார்டு ஹார்ட்விக் தீர்ப்புச் சொன்னார். ஆகவே சூலியா தெருவின் வணிகரும் கடைத்தெருவின் தமிழ்த் தொழிலாளியும் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்வதில் சட்டத்துக்குச் சிக்கல் இல்லை.

சிக்கல் மொழிபெயர்ப்பாளருக்குத்தான். தமிழில் ஒருவர் தமக்கு எவ்வளவு உறுதியாகத் தெரியும் என்பதைத் தனிச் சொல் போடாமலே சொல்லிவிடலாம், வினைச்சொல்லின் வால் அதைச் சொல்லிவிடும். 'வந்தான்' என்றால் செய்தி. 'வந்தானே' என்றால் உமக்கும் தெரிந்ததுதானே என்ற தொனி. 'வந்தானாம்' என்றால் பிறர் சொல்லக் கேட்டது. ஆங்கிலச் சாட்சியச் சட்டம் கேள்விப்பட்டதைப் பொதுவாக ஏற்பதில்லை. அந்த 'ஆம்' என்ற ஒற்றை அசை மொழிபெயர்ப்பில் உதிர்ந்தால், காதில் விழுந்த வதந்தி கண்ணால் கண்ட சாட்சியாகிவிடும். மூன்று நான்கு மொழிகள் புழங்கிய ஒரு நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளரின் நாவில் எத்தனை பேரின் தலையெழுத்து தொங்கியிருக்கும்!

நகரத்தார் வணிகத்தில் உறுதி வேறு வடிவம் எடுத்தது. பினாங்குத் தெருவின் கிட்டங்கிகள் எனப்பட்ட வணிகக் கூடங்களில் பெட்டியடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வட்டித்தொழில் செய்தவர்கள் கணக்கைத் தமிழில்தான் எழுதினார்கள். புரோநோட்டு மட்டும் ஆங்கிலச் சட்டத்துக்கு உட்பட்டது. கேட்டவுடன் தருவதாக வாக்களிக்கிறேன் என்ற அதன் வாசகத்தில் 'அநேகமாக', 'கூடுமானால்' போன்ற சொற்களுக்கு இடமே கிடையாது. அப்படி ஒன்று நுழைந்தால் அது நோட்டே அல்ல.

ஆங்கில உறுதிச் சொற்கள் வந்த இன்னொரு வழி பள்ளிக்கூடம். பாதிரியார் ராபர்ட் ஸ்பார்க் ஹட்சிங்ஸ் 1816 அக்டோபர் 21 அன்று தொடங்கிய பினாங்கு ஃப்ரீ ஸ்கூல், தென்கிழக்காசியாவின் மிகப் பழைய ஆங்கிலப் பள்ளி. 1852இல் செயின்ட் சேவியர் பள்ளி வந்தது. மலேசியாவின் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மானும் திரைக்கலைஞர் பி. ராம்லியும் ஃப்ரீ ஸ்கூலில் படித்தவர்கள். 'சர்ட்டன்லி', 'அன்டவுட்டட்லி', 'ஆப்வியஸ்லி' போன்ற வினையடைகள் இத்தகைய வகுப்பறைகளின் வழியாகத்தான் ஊருக்குள் வந்தன. கட்டுரை எழுதவும் மேடையில் பேசவும் அவை உதவின. ஆனால் தெருவுக்கு இறங்கியவை அவை அல்ல.

கடைத்தெருவில் நின்று காதைத் தீட்டிக்கொண்டால் இது விளங்கும்.

"அண்ணே, நாளைக்குச் சாமான் வந்துருமா?"

"கன்ஃபார்ம்லா தம்பி!"

ஆங்கில இலக்கணப்படி 'கன்ஃபார்ம்' ஒரு வினைச்சொல். மலேசியப் பேச்சில் அது வினையடை. 'கன்ஃபார்ம் ஹி வோன்ட் கம்' என்று வாக்கியத்தின் தலையில் அப்படியே வந்து நிற்கும், 'லி' விகுதி ஏதும் தேவைப்படாது. மலாயிலும் சீனத்திலும் இப்படிப்பட்ட சொற்கள் உருமாறாமல் நிற்பதால், இந்த வடிவம் ஊர்க்காரர்களின் வாய்க்கு இயல்பாகப் பொருந்தியிருக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பேச்சு வேறு வழியில் போயிற்று. ஆங்கிலச் சொல்லை எடுத்துத் தன் 'ஆ'வை ஒட்டி 'ஷ்யூரா', 'கன்ஃபார்மா' என்று ஆக்கிக்கொண்டது. பினாங்குத் தமிழரிடம் இரண்டும் கேட்கும்.

'ஆப்வியஸ்லி'யின் கதை இன்னும் அழகானது. வெளிப்படையாகத் தெரிவதைச் சொல்ல மலேசிய ஆங்கிலத்துக்கு அந்தச் சொல் வேண்டாம். வாக்கியத்தின் கடைசியில் ஒரு 'வாட்' போதும். 'ஹி பெய்ட் ஆல்ரெடி வாட்' என்றால், அவன்தான் பணம் கட்டிவிட்டானே, இதுகூடத் தெரியாதா என்று பொருள். சீனர் பேச்சில் 'மா' அதே இடத்தில் நிற்கிறது, மலாயில் 'கான்', தமிழில் 'தானே'. இத்தனை மொழிக்காரர்களும் இந்தக் குறிப்பை வாக்கியத்தின் வாலில்தான் வைக்கிறார்கள். இப்படிப்பட்ட பேச்சுவழக்குகளை மொழியியலாளர்கள் ஜான் பிளாட்டும் ஹைடி வெபரும் 1980இல் வெளியிட்ட நூலில் ஒழுங்குள்ள ஒரு மொழிவகையாக எடுத்து ஆராய்ந்தார்கள். வகுப்பறையின் சிவப்பு மை இந்த 'வாட்'டைப் பிழை என்று அடித்தது. தேர்வுத்தாளுக்கு அது சரி. தெருவில் அதைப் பிழை என்பது அநியாயம். பக்கத்து வீட்டுக்காரர்களாக இரண்டு நூற்றாண்டு வாழ்ந்தவர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு அது.

1970இல் ஆங்கிலவழிப் பள்ளிகள் முதல் வகுப்பிலிருந்து ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மலாய்வழிக்கு மாறத் தொடங்கின. ஆங்கிலம் ஒரு பாடமாகச் சுருங்கியது. வினையடைகள் பாடப்புத்தகத்தில் தங்கிவிட்டன, 'கன்ஃபார்ம்' வெளியே தன் போக்கில் வளர்ந்தது. இன்று மலாய் இளைஞர்கள் கைப்பேசிச் செய்திகளில் அதைக் காதில் விழுந்தபடியே 'கொன்ஃபெம்' என்று எழுதுகிறார்கள். நாசி கண்டார் சோற்றுக்கடையில் கல்லாவில் இருக்கும் தமிழ் முஸ்லிம் பெரியவரும் சாப்பிட வரும் சீனப் பையனும் அதே சொல்லைத்தான் புழங்குகிறார்கள்.