ஆறு ஷில்லிங்குக்காகப் பிரிந்த ரக்பி

கொஞ்சம் நீளமான பதிவு. ஓய்வாக இருக்கும்போது படியுங்கள்.

சென்ற ஆண்டு மூன்று மாதம் மகன் வீட்டில் இருந்தேன். இங்கிலாந்தின் வடக்கே, யார்க்‌ஷயர் பகுதியில் ஹடர்ஸ்ஃபீல்டு என்ற ஊர். ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் முன்னாள் பிரதமர் ஹரால்டு வில்சனின் சிலை. பக்கத்திலேயே ஜார்ஜ் ஹோட்டல் என்ற பழைய கட்டடம். "ரக்பி ரெண்டாப் போனது இங்கதாம்ப்பா" என்றான் மகன். ரக்பியே எனக்குச் சரியாகத் தெரியாது. அது எப்படி இரண்டாகும் என்று அன்று தேட ஆரம்பித்தவன்தான். ஊர் திரும்பியும் விடவில்லை.

யார்க்‌ஷயர் கம்பளி ஆலைகளின் சீமை. 1850இல் வந்த தொழிற்சாலைச் சட்டத்தால் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு ஆலைகள் நின்றன. கிடைத்த அந்த அரை நாளில் என்ன செய்வது? விளையாடினார்கள். முதலில் பந்தைக் கையில் எடுத்தவர்கள் பெரிய பள்ளிகளில் படித்து வந்த ஆலை முதலாளிகளின் பிள்ளைகள். பிறகு தேவாலயங்கள் இளைஞர்களைச் சாராயக் கடையிலிருந்து விலக்கி வைக்க அணிகள் அமைத்தன. வேக்ஃபீல்டு டிரினிட்டி கிளப் 1873இல் அப்படிப் பிறந்ததுதான். பெயரிலேயே தேவாலயம் இருக்கிறது. ஹல், பிராட்ஃபோர்டு, ஹாலிஃபாக்ஸ், பேட்லி, ஹன்ஸ்லெட் என்று ஊருக்கு ஊர் கிளப். 1870இல் லீட்ஸில் யார்க்‌ஷயரும் லங்காஷயரும் மோதின. 1877இல் யார்க்‌ஷயர் கோப்பைப் போட்டி தொடங்கியது. சனங்கள் அந்தக் கோப்பைக்கு வைத்த செல்லப்பெயர் 'பழைய தகரக் குவளை'. அந்தத் தகரத்துக்காக ஆயிரக்கணக்கில் திரண்டார்கள்.

ஆலைத் தொழிலாளியும் சுரங்கத் தொழிலாளியும் களத்தில் இறங்கியதும் யார்க்‌ஷயரை வெல்ல ஆளில்லை. 1889 முதல் 1896 வரை எட்டு ஆண்டுகளில் ஏழு முறை மாகாணங்களுக்கு இடையிலான சாம்பியன் பட்டம் அவர்களுக்கே. 1891இல் மட்டும் லங்காஷயர். லண்டனில் இருந்த ரக்பி சங்கத்துக்கு இதில் பெருமையைவிடக் கவலைதான் அதிகம். சாக்கர் விளையாட்டில் 1885இல் சம்பளத்தை அனுமதித்திருந்தார்கள். நம் ஆட்டமும் அப்படிக் கெட்டுவிடும் என்று பயந்து, 1886இல் எந்த வடிவிலும் காசு கூடாது என்று விதி போட்டார்கள்.

அந்த விதியை யார்க்‌ஷயரில் கையில் எடுத்துக்கொண்டு சுற்றியவர் ஒரு தலைமை ஆசிரியர். ஹடர்ஸ்ஃபீல்டை ஒட்டிய ஆல்மண்ட்பரியின் கிராமர் பள்ளித் தலைமை ஆசிரியர், பாதிரியார் ஃபிராங்க் மார்ஷல். 1892இல் ரக்பி பற்றி ஒரு பெரிய நூலைப் பதிப்பித்தவர், ஆட்டத்தை உயிராக நேசித்தவர். யார் யாருக்கு ரகசியமாகப் பணம் கொடுத்தார்கள் என்று துருவித் துருவி விசாரிப்பார். கிளப்புகளைப் போட்டியிலிருந்து நிறுத்தி வைக்கச் செய்வார்.

அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. நானும் ஒரு காலத்தில் கபடி அணிக்குப் பொறுப்பாசிரியராக இருந்தேன். காலைப் பயிற்சிக்கு மூன்று நாள் வராதவன் பெயரை அடித்துவிடுவேன், விதி எல்லோருக்கும் ஒன்றுதானே என்று. அப்படி அடித்த ஒருவன் விடிகாலையில் வீடு வீடாகப் பால் ஊற்றப் போனவன் என்பது அவன் பள்ளியை விட்டுப் போன பிறகே தெரிந்தது. மார்ஷலைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பையன் முகம்தான் வந்தது.

விதி எப்படி வேலை செய்தது என்பதற்கு ஹாலிஃபாக்ஸ் ஜாக் கிளவ்ஸ் கதை ஒன்று போதும். 1888இல் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் ஓர் அணி புறப்பட்டது. துணிமணி வாங்க அவருக்கு 15 பவுண்டு கொடுத்தார்கள். ஹாலிஃபாக்ஸிடம் தோற்ற டியூஸ்பரி கிளப் புகார் செய்தது. கிளவ்ஸ் காசு வாங்கி ஆடுபவர் என்று தீர்ப்பாகிவிட்டது. மனிதர் கப்பலில் போனார், ஒரு ஆட்டம்கூட ஆடாமல் திரும்பி வந்தார். அதே பயணத்தில் கனவான் வீட்டுப் பிள்ளை ஆண்ட்ரூ ஸ்டாடர்ட் 50 பவுண்டு முன்பணம் வாங்கியிருந்தார். அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

இன்னொருவர் டிக்கி லாக்வுட். ஐந்தடி நாலரை அங்குல உயரம். பதினாறு வயதில் டியூஸ்பரிக்கு ஆடத் தொடங்கியவர். பிறகு ஹெக்மண்ட்வைக் கிளப்புக்கு மாறியபோது, காசுக்காக மாறினாரா என்று விசாரணை. கேள்வி கேட்டவர் நம் மார்ஷல்தான். குற்றம் நிரூபணமாகவில்லை. இங்கிலாந்துக்காக 14 ஆட்டங்கள். 1894இல் இங்கிலாந்து அணிக்கே தலைவர். ஒரு கூலித் தொழிலாளி தலைவர்! ஆனால் அந்த ஆண்டு எடின்பரோவில் ஸ்காட்லாந்துடன் நடந்த ஆட்டத்துக்கு அவர் போகவில்லை. அவ்வளவு தூரம் போய்வர வேலையை விட வேண்டும், கூலி போகும்.

யார்க்‌ஷயர் சங்கம் கேட்டதும் இவ்வளவுதான். ஆடுவதற்குச் சம்பளம் வேண்டாம், ஆட்டத்துக்காக இழந்த கூலியை மட்டும் ஈடு செய்யலாமா? 'புரோக்கன் டைம்' என்று அதற்குப் பெயர். நம் பேச்சில் சொன்னால் வேலை கெட்ட நேரத்துக்கான கூலி. 1893 செப்டம்பர் 20 அன்று லண்டனில் பொதுக்கூட்டம். யார்க்‌ஷயரின் ஜேம்ஸ் மில்லர் தீர்மானம் கொண்டுவந்தார், டியூஸ்பரியின் மார்க் நியூசம் வழிமொழிந்தார். ஆதரவு 136, எதிர்ப்பு 282. எதிர்த்ததில் நூற்றுக்கும் மேற்பட்டவை கூட்டத்துக்கே வராதவர்களின் பதிலி வாக்குகள்.

இதை ஏழை பணக்காரன் கதையாக மட்டும் சொன்னால் பாதி உண்மைதான். பெரிய கிளப்புகளுக்கு வாயிலில் வசூலாகும் பணம் நிறைய. சிறிய கிளப் மேலே வரவும், தோற்ற பெரிய கிளப் கீழே இறங்கவும் வழிசெய்ய வேண்டும் என்று யார்க்‌ஷயர் சங்கம் சொன்னபோது பெரியவர்கள் மறுத்தார்கள். சங்கத்தை விட்டு அவர்கள் வெளியேறியதற்கு அந்தச் சண்டையும் காரணம்.

1895 ஆகஸ்ட் 29, வியாழக்கிழமை. ஜார்ஜ் ஹோட்டலில் யார்க்‌ஷயர், லங்காஷயர் கிளப்புகள் கூடின. டியூஸ்பரி மட்டும் பின்வாங்கியது. மற்றவர்கள் வடக்குச் சங்கம் என்று தனியாக ஒன்றை அமைத்தார்கள். முதல் ஆண்டில் 22 கிளப்புகள், அவற்றில் 11 யார்க்‌ஷயருடையவை. கூலி ஈடு நாளுக்கு அதிகபட்சம் 6 ஷில்லிங். செப்டம்பர் 7ஆம் தேதி ஆட்டங்களே தொடங்கிவிட்டன.

லண்டன் பதிலுக்குக் கதவைச் சாத்தியது. அந்தப் பக்கம் ஆடியவன் இந்தப் பக்கம் வாழ்நாள் முழுக்க ஆட முடியாது. 1893இல் அவர்களிடம் 481 கிளப்புகள் இருந்தன. 1903இல் 244. நான்கு நாடுகள் போட்டியில் 1892இல் தனியாகப் பட்டம் வென்ற இங்கிலாந்து மறுபடி அப்படி வெல்ல 1910 ஆகிவிட்டது. தீர்மானத்தை வழிமொழிந்த நியூசம் லண்டன் பக்கமே நின்று, பின்னாளில் அந்தச் சங்கத்துக்கே தலைவரானார்!

புதிய சங்கமும் லேசுப்பட்டதல்ல. 1898இல் சம்பளத்தை அனுமதித்தார்கள். ஆனால் ஆட்டக்காரனுக்கு ஒழுங்கான வேறு வேலை இருந்தே ஆக வேண்டும், சாராயக் கடைப் பரிமாறுபவன், பில்லியர்ட்ஸ் மேசையில் புள்ளி எண்ணுபவன் என்பதெல்லாம் வேலையாகாது என்றார்கள். மார்ஷலின் மூச்சுக்காற்று அங்கேயும் இருந்திருக்கிறது. 1906இல் ஆட்டக்காரர்கள் 15இலிருந்து 13 ஆனார்கள், 1922இல் ரக்பி லீக் என்று பெயர் மாறியது. இன்று இரண்டும் வேறு வேறு விளையாட்டு.

லண்டன் பக்கத்து ரக்பியில் சம்பளம் வாங்கலாம் என்று ஆனது 1995 ஆகஸ்டு கடைசியில். ஜார்ஜ் ஹோட்டல் கூட்டத்துக்கு நூறாண்டு நிறையச் சில நாட்களே பாக்கி.

லாக்வுட் 1895இல் வேக்ஃபீல்டு டிரினிட்டிக்குப் போய் வடக்குச் சங்கத்தில் ஆடினார். 1897இல் திவாலானார். வீட்டுச் சாமான்கள் விற்பனைக்குப் போயின. 1915இல் இறந்தார்.

புதிய சங்கத்தின் முதல் சாம்பியனான மானிங்காம் கிளப், 1903இல் ரக்பியையே விட்டுவிட்டு பிராட்ஃபோர்டு சிட்டி என்ற சாக்கர் அணியானது தனிக்கதை. கண் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறார்கள், அது முடிந்ததும் எழுதுகிறேன்.